ஆயிரம் அடிக்குள்

சண்முகக்கனிக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. புத்தி நன்றாகத்தான் வேலை செய்தது, வம்பே அதுதான். மகள் ஆதிரையைக் கூட்டிப்போக வந்த பள்ளிக்கூடக் கார் வரிசை. முன்னால் ஒரு வெள்ளை வேன், பின்னால் ஒரு நீலக் கார், வலப்பக்கம் நடைபாதை, இடப்பக்கம் ஆரஞ்சுக் கூம்புகள், நடுவே புருஷனுடைய காருக்குள் அவள். பிள்ளையின் வரிசை எண் எழுதிய அட்டையைக் கண்ணாடியில் வைக்க வேண்டுமே என்று பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். அட்டை இருந்தது. அட்டைக்கு மேலே துப்பாக்கி இருந்தது. கறுப்புத் துப்பாக்கி, பிடியில் காய்ந்த சந்தனம், சந்தனத்து நடுவில் குங்குமம். பொட்டை வைத்தது யார் என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, அவளேதான் நேற்றுச் சாயங்காலம் மோதிர விரலால் தொட்டு வைத்தாள். ஐயோ என்று மூடியைத் தள்ளினாள். மூடி பொருந்தவில்லை. பிடியின் நுனி வந்து முட்டிக்கொண்டு, இரண்டு விரல் இடைவெளியில் நின்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டால் மூடிவிடும். தள்ள வேண்டுமென்றால் அதைத் தொட வேண்டும். பொட்டு வைத்தபோது தொட்டது சந்தனத்தைத்தான், இரும்பை இல்லை என்று நேற்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது அந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நேற்று ஆயுத பூஜை. சிவகாசியில் அவளுடைய அப்பா அச்சாபீஸ் வைத்திருந்தவர், பட்டாசு டப்பாவுக்கு லேபிள் அடிக்கிற ஆபீஸ். பூஜை அன்றைக்குப் பெரிய மெஷினிலிருந்து பேப்பர் வெட்டுகிற கத்தி, ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, கட்டு கட்டுகிற ஊசி வரைக்கும் அத்தனைக்கும் பொட்டு வைத்தாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்த ஒன்று அந்த வருஷம் கையைக் கடித்துவிடும் என்பார். ஒரு வருஷம் கட்டிங் மெஷின் கத்தியை மட்டும் சாணை பிடிக்க அனுப்பியிருந்தார்கள், அதற்குப் பொட்டு இல்லை, பொங்கலுக்கு முந்தின வாரம் அந்த மெஷினை ஓட்டுகிற ராமர் அண்ணனுக்கு இரண்டு விரல் போனது. அது தற்செயல் என்று படித்த சண்முகக்கனிக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ண? விரல் இல்லாத அந்தக் கையைப் பார்த்த கண் இதுதானே. ஆகவே நேற்று லேப்டாப், ஆதிரையின் புத்தகப் பை, காய் வெட்டும் கத்தி, மிக்ஸி, டிரில்லிங் மெஷின், இரண்டு கார் எல்லாவற்றுக்கும் வைத்து முடித்து, கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில் அவளுக்குத் திடீரென்று அது ஞாபகம் வந்தது. படுக்கையறை அலமாரியில், நம்பர் பூட்டுப் போட்ட சின்ன இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறதே, அதற்கு? வீட்டிலேயே கடிக்கக்கூடிய சாமான் அது ஒன்றுதான், அதை விட்டுவிட்டு மிக்ஸிக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம். "ஏங்க, அதையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். ஜெயபாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எதை?" "அதைத்தான்." "நீயா கேக்குற?" என்று சிரித்தான். வாங்கிய நாளிலிருந்து அதை வீட்டை விட்டுத் துரத்தச் சொல்லிக்கொண்டிருந்தவள், பேரைக்கூட வாயால் சொல்லாதவள், அவளே கேட்டாள். பயத்தில்தான் கேட்டாள். பயத்தில் செய்கிற பூஜையும் பூஜைதானே. பிள்ளையைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, வெற்றிலை மேல் அவனையே வைக்கச் சொல்லி, பொட்டிட்டு, ஆதிரை திரும்பி வருவதற்குள் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அவ்வளவு கவனமாக இருந்தவள்தான், இன்றைக்குப் பார்த்தால் காருக்குள் அதோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

காருக்குள் அது எப்படி வந்தது? யோசிக்கவே வேண்டாம். இன்று விஜயதசமி. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் எடுத்து ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும், அப்போதுதான் அந்த வருஷம் ஓடும். அச்சாபீஸில் வெறும் வெள்ளைத் தாளில் மஞ்சள் தடவி ஒரே ஒரு தாள் ஓட்டி எடுப்பார்கள். காலையில் ஆதிரைக்கு நோட்டில் அ எழுத வைத்தாள், கத்தியை எடுத்து ஒரு வாழைப்பழத்தை நறுக்கினாள், மிக்ஸியை ஒரு சுற்று சுற்றினாள். அப்போது ஜெயபாண்டி காபியை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப நானும் மத்தியானம் ரேஞ்சுக்குப் போய் ஒரே ஒரு ரவுண்டு சுட்டுட்டு வந்துர்றேன், சாஸ்திரத்துக்கு" என்றான்.  கேலி பண்ணுகிறான் என்று அவள் நினைத்தாள். கேலி இல்லை போலிருக்கிறது, நிஜமாகவே எடுத்துக் காரில் வைத்திருக்கிறான். பொட்டு அழியக் கூடாது என்று உறைக்குள் போடாமல் வைத்திருக்கிறான், மகராசன். அப்புறம் ஆபீஸில் ஏதோ சர்வர் படுத்துக்கொண்டது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனவன் இறங்கவே இல்லை, ரேஞ்சும் போச்சு, சாஸ்திரமும் போச்சு. பள்ளி விடும் நேரமாகிவிட்டது. அவன் கார் அவள் காருக்குப் பின்னால் குறுக்கே நின்றது. மாடிப்படியில் நின்று சாவியை ஆட்டிக் காட்டினாள், அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போ போ என்று கையை ஆட்டினான். அந்தக் கையைத்தான் இப்போது அவள் நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தாள். கையை ஆட்டுகிற மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?

வரிசை ஒரு கார் அளவு நகர்ந்தது. அவளும் நகர்த்தினாள். மூடி கொஞ்சம் ஆடியது. சட்டம் அவளுக்குத் தெரியாது என்றில்லை, தெரிந்ததுதான் வினை. லைசென்ஸுக்காக அவன் வகுப்புக்குப் போய்வந்த அன்று, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தான். இந்த மாநிலத்தில் காருக்குள் மறைத்து வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் கூடாது, ஆனால் கார் நிறுத்துகிற இடம் கட்டடம் இல்லை. அது மாநிலச் சட்டம். மத்திய அரசின் சட்டம் வேறே, அது பள்ளி எல்லையிலிருந்து ஆயிரம் அடிக்கு எட்டுகிறது, அதற்குள் குண்டு இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், அல்லது இந்த மாநிலத்து லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு, எனக்கு ரெண்டு சட்டமும் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னான். ரசத்தை ஊற்றினாள். அப்போது அது அவளுடைய சங்கதியே இல்லை. இப்போதோ அதே கார், அதே துப்பாக்கி, அதே பள்ளிக்கூடம். இந்த சீட்டில் அவன் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை, ஒரு தகப்பன் பிள்ளையைக் கூப்பிட வந்திருக்கிறான், அவ்வளவுதான். அவள் உட்கார்ந்திருந்தால் குற்றம். இரும்பில் ஒரு மாற்றமும் இல்லை, சீட்டில் இருக்கிற ஆள்தான் வேறே. அவன் போன வருஷமே குடியுரிமை வாங்கிவிட்டான். அவளுக்கு நேர்காணல் அடுத்த மாதம். துப்பாக்கிக் குற்றம் ஒன்று பேரில் ஏறினால் குடியுரிமை கிடைக்காது, கிடைக்காதது மட்டுமா, கிரீன் கார்டையும் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். ஆதிரை இங்கே பிறந்தவள். அவளை யாரும் ஏற்ற மாட்டார்கள். ஆதிரை இங்கே, அவள் சிவகாசியில். இரவு சாப்பாட்டுக்குத் தயிர்சாதத்தை யார் பிசைந்து கொடுப்பார், தலையை யார் பின்னுவார், அவனுக்கு ஒரு ஜடை போடத் தெரியுமா, நடுவகிடு எடுக்கத் தெரியுமா. 

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை எடுத்தான், குசுகுசுவென்று பேசினான். "ஆபீஸ் கால்ல இருக்கேன் கனி. என்ன?" "ஏங்க, அது கார்ல இருக்கு." "எது?" "நேத்துப் பொட்டு வச்சது." மறுபக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "நான் ஸ்கூல் வரிசையில இருக்கேன்" என்றாள். "சரி, பதறாத. லைசென்ஸ் இருக்குல்ல." "உங்களுக்கு இருக்கு. எனக்கு?" "கார் என் பேர்லதான இருக்கு." "ஓட்டுறது யாருங்க?"  பின்னால் யாரோ அவன் பேரைச் சொல்லி இங்கிலீஷில் கூப்பிட்டார்கள், இருங்கள் இருங்கள் என்று அவர்களிடம் சொன்னான். "குண்டு இருக்கா உள்ள?" என்று அவள் கேட்டாள். "ம்." "ஏங்க, குண்டு இருக்கா?" "இருக்கு, கனி. ரேஞ்சுக்குப் போறதுக்குத்தான... நீ அதைத் தொடாத. வரிசைய விட்டு வெளிய வந்துரு." "எப்படி வர? முன்னாடி வண்டி, பின்னாடி வண்டி. பிள்ளைய விட்டுட்டு வரவா?" "இல்ல இல்ல. பிள்ளைய ஏத்திக்கிட்டு நேரா வந்துரு, ஒண்ணும் ஆகாது, எத்தனை பேர் வச்சிருக்கான் தெரியுமா இங்க?" என்றான். அதைச் சொன்னதோடு அந்தப் பக்கத்து ஆட்கள் அவனை இழுத்துக்கொண்டார்கள். ஆறுதலுக்குச் சொன்னானாம்.

எத்தனை பேர் வச்சிருக்கான் தெரியுமா. அவள் முன்னாலிருந்த வெள்ளை வேனைப் பார்த்தாள். பின் கண்ணாடியில் கால்பந்து ஸ்டிக்கர், ஐந்து பேர் குடும்பம் கோட்டுச் சித்திரமாக, ஒரு நாய். அதற்குள்ளும் ஒன்று இருக்குமோ? அதற்கு முன்னால் இருக்கிற காரில்? பின்னால் நீலக் காரில் உட்கார்ந்து உதட்டுக்குச் சாயம் தீட்டுகிறாளே அந்தப் பெண், அவள் கைப்பையில்? மறைத்து வைப்பது என்றால் மறைவாக இருப்பதுதானே, யாரிடம் இருக்கிறது யாரிடம் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது. இவ்வளவு நாள் இந்த வரிசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறாள், ஊருக்குப் பேசியிருக்கிறாள், ஆதிரைக்கு ஆரஞ்சு உரித்து டப்பாவில் போட்டிருக்கிறாள், ஒரு நாளும் தோன்றவில்லை. இன்றைக்கு மட்டும் தோன்றுகிறது, ஏனென்றால் இன்றைக்கு அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. யாராவது கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவளையும் அப்படித்தான் நினைப்பார்கள், கள்ளி, மறைத்து வைத்திருக்கிறாள் என்று. மறைக்கத்தானே பார்க்கிறாள் இப்போது. எதை வைத்து மறைக்க? துப்பட்டா போட்டு வரவில்லை. பின் சீட்டில் ஒரு போர்வை கூட இல்லை, ஜெயபாண்டி காரை அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பான். கைப்பைக்குள் போட்டுவிட்டால்? அப்போது அது பெட்டியில் இருக்காது, அவளுடைய பையில் இருக்கும், அது இன்னும் மோசம். பொட்டையாவது துடைத்துவிடலாமா, துடைத்தால் என்ன குறைந்துபோகும், இருந்தாலும் பூஜைப் பொட்டை நாமாக அழிக்கக் கூடாதே. இந்த நேரத்திலும் அது அவளுக்கு உறுத்தியது. அழிக்காமல் விட்டால் ஜெயிலு, அழித்தால் தோஷமா? அடி போடி பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை அவள். சிவகாசிக்காரிக்கு வெடிச் சத்தம் என்ன புதுசா. தூக்கத்தில் கேட்டாலே இது ஆட்டம் பாம், இது சரவெடி, இது எங்கேயோ குடோனில் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுவாள். குடோனில் பிடித்தால் ஊரே வாசலுக்கு வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்க்கும், அந்தப் பக்கம் வேலைக்குப் போன ஆட்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லும். மருந்து வைக்கிற குடோனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இத்தனை தூரம் இருக்க வேண்டும் என்று அங்கேயும் சட்டம் உண்டு, ஆனால் குடோன் எழுந்து நடந்து பள்ளிக்கூடத்துக்கு வராது. இது வருகிறது. சக்கரம் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வருகிறது. ஒரு மேடு பள்ளத்தில் விழுந்து தானாக வெடித்துவிட்டால்? அப்படியெல்லாம் வெடிக்காது என்று அவன் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னால் ஆச்சா. வலப்பக்க நடைபாதையில் மூன்று பிள்ளைகள் பை சுமந்து நின்றார்கள், துப்பாக்கியின் வாய் அவர்களுக்கு நேராக இல்லை, இருந்தாலும் காரை இன்னும் ஒரு சாண் நகர்த்தலாம் போல இருந்தது. இடம் இல்லை. இருந்த இடத்திலேயே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முருகா, முருகா, இந்த ஒரு தடவை.

அப்போது பள்ளிக்கூடத்துப் போலீஸ்காரர் வாக்கர் வரிசையோரமாக நடந்து வந்தார். நல்ல மனுஷன், பிள்ளைகளோடு கை தட்டி விளையாடுகிறவர், இடுப்பில் அவருடையது எல்லோரும் பார்க்கத் தொங்கியது. ஒவ்வொரு காராகக் குனிந்து கையசைத்தவர், அவள் கார் அருகே நின்றுவிட்டார். கண்ணாடியைத் தட்டினார்.  சண்முகக்கனி ஒரு கையால் மூடியை அமுக்கிக்கொண்டு, பக்கத்து சீட்டில் எதையோ தேடுகிற மாதிரி சாய்ந்தபடியே, வலப்பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். "அட்டையைக் காணோமே, அம்மா?" என்றார் அவர் இங்கிலீஷில். "இது என் கணவர் கார். மறந்துட்டேன்" என்றாள். பாதி உண்மை. பிள்ளையின் பேரைச் சொன்னாள், அவர் ரேடியோவில் சொன்னார். போய்விடுவார் என்று பார்த்தால் போகவில்லை. காரின் முன்புறத்தில் வைத்திருந்த சந்தனப் பொட்டைக் காட்டி, "இது என்ன, யாருக்காவது கல்யாணமா?" என்று கேட்டார். "பண்டிகை" என்றாள்.  "நாங்க வேலைக்கு உதவுற சாமானுக்கெல்லாம் நன்றி சொல்ற நாள். கத்தி, மெஷின், வண்டி, எல்லாத்துக்கும்." "அழகா இருக்கே!" என்றவர், இடுப்பில் இருந்ததைத் தட்டிக்கொண்டு, "அப்போ இதுக்கும் ஒரு பொட்டு உண்டா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்ய. "உண்டு" என்றாள். கத்திச் சொல்லிவிட்டால் என்ன, ஐயா, இதோ இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கும்பிட்டுவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அவர் எடுத்துக்கொண்டு போவார். அவளையும் சேர்த்துத்தான். மூடியை இன்னும் அழுத்திப் பிடித்தாள். வாக்கர் அடுத்த காருக்குப் போனார்.

ஆதிரை ஓடி வந்தாள். பள்ளி உதவியாளர் பின் கதவைத் திறந்துவிட, ஏறி உட்கார்ந்து தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "அம்மா, இன்னிக்கு அப்பா கார்! ஏன்?" "சும்மாதாண்டா." "எனக்கு மஃபின் குடுத்தாங்க, பாதி உனக்கு வச்சிருக்கேன்." குழந்தையின் குரலைக் கேட்டதும் சண்முகக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. போதும், இனிமேல் போய்விடலாம், வாசலைத் தாண்டினால் தெரு, தெருவைத் தாண்டினால் ஆயிரம் அடி, அப்புறம் யாருக்கு என்ன கவலை. கியருக்கு ஒரு கை, ஸ்டீயரிங்குக்கு ஒரு கை வேண்டியிருந்தது, மூடியிலிருந்து கையை எடுத்தாள். கார் உருண்டது. வேகத்தடையில் மெதுவாக, மிக மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினாள். டேஷ்போர்டு பெட்டி வாயைப் பிளந்து, மூடி கீழே விழுந்தது. துப்பாக்கி மூடி மேல் சறுக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வந்து நின்றது.

ஆதிரை ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தாள். அம்மா அது என்ன என்று கேட்பாள், அழுவாள், கத்துவாள், எது செய்தாலும் சமாளிக்க ஒரு பொய் தயாராக இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பெல்ட்டைக் கழற்றுகிற சின்னச் சத்தம் ஒன்று மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள், சீட் காலியாக இருந்தது. "ஆதிரை?" பதில் இல்லை. "ஆதிரைம்மா, எங்கடா?" கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். குழந்தை கீழே, அம்மாவின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில், முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, பிடரியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்களே, அப்படி. "அம்மாதாண்டா. அது அப்பாவுடையது. ஒண்ணும் இல்ல. மேல வந்து உக்காரு தங்கம்." குழந்தை அசையவில்லை. வாயை இறுக மூடியிருந்தாள். போன வாரம் தோசை தின்றுகொண்டே ஆதிரை விளக்கிச் சொன்னது அப்போதுதான் சண்முகக்கனிக்கு முழுசாகப் புரிந்தது. யாராவது துப்பாக்கியோடு வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும், மூச்சு விடக் கூடாது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது, தெரிந்த குரலாக இருந்தாலும் கூடாது. அம்மா கூப்பிட்டால் கூடவா என்று இவள் கேட்டாள். அம்மா கூப்பிட்டால் கூட என்றாள் அவள்.

பின்னாலிருந்த நீலக் கார் ஹாரன் அடித்தது. தூரத்தில் வாக்கர், போங்கள் போங்கள் என்று சிரித்தபடியே கையை வீசினார். நிறுத்த இடம் இல்லை, கூம்புகள் வாசல் வரைக்கும் போயின. "ஆதிரை, அம்மாகிட்ட பேசுடா" என்று கெஞ்சிக்கொண்டே சண்முகக்கனி வண்டியை நகர்த்தினாள். பின்னால் குழந்தை மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.